பதினேழு ஒன்றுகள்

நான் அறிந்த முதல் கம்ப்யூட்டர் வெற்றிலை போடும். குடையை அலுவலகத்தில் மறந்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டே வீடு திரும்பும். நில அளவை அலுவலகத்தில் அந்தக் காலத்தில் அப்படியொரு பதவி இருந்தது. காட்டிலும் மேட்டிலும் அலைந்து கோணமும் தூரமும் அளந்து வருபவர் சர்வேயர். அந்த அளவுகளை வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்து, நிலத்தின் பரப்பு இவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்பவர் கம்ப்யூட்டர். பின்னாளில் அந்தப் பெயரைப் பிடுங்கி ஒரு பெட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். பெட்டிக்கு ஓய்வூதியம் தர வேண்டியதில்லை என்பதால் கருவூலத்துக்கும் ஆட்சேபணை இல்லை.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினாலும் யாருக்கும் தெரியாது. நான் அவரை அண்ணன் என்று கூப்பிட்டேன். மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் அவர் வீட்டின் பின்னறையில் சில வருடங்கள் குடியிருந்தேன். எனக்கு வேலை நில அலுவலகத்தில். அவருக்கு அதே பழைய கட்டடத்தின் பின்கட்டில். காலையில் இரண்டு சைக்கிள்களும் ஒன்றாகக் கிளம்பும். ஆனால் ஒன்றாகப் போய்ச் சேராது. வழியில் ஏதாவது ஒரு எண் அவரை நிறுத்திவிடும்.

ஒரு லாரியின் எண்ணாக இருக்கும், மின்கம்பத்தில் அடித்திருக்கும் தகடாக இருக்கும், சந்தையில் ஒரு கோழிக்கூடையில் சாக்கட்டியால் எழுதியதாக இருக்கும். அண்ணன் ஒரு காலைத் தரையில் ஊன்றி நிற்பார். உதடு அசையும். பிறகு முகம் தெளிந்து, "பதிமூணால போகுது" என்பார், அந்த லாரி பதிமூன்றாம் எண் சாலையில் போகப்போவதைப் போல. எந்த எண்ணைப் பார்த்தாலும் அது எதால் மீதியில்லாமல் வகுபட்டு உடையும் என்று தெரியாமல் அவரால் அதைக் கடந்துபோக முடியாது. புதிதாக அறிமுகமாகிறவரிடம் ஊரையோ உறவையோ விசாரிக்கமாட்டார். அடையாள அட்டையைக் கேட்பார். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அவசரகாலச் சட்டம் போட்டிருந்த நாட்கள் அவை. அடையாள அட்டையைக் கேட்டால் மக்கள் பயந்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். என் அட்டையைப் பார்த்து, "உன்னுது ரெண்டால போகும் தம்பி. அதுக்கு மேல ஒண்ணும் போகாது" என்றார். அதை நான் ஒரு நற்சான்றாக எடுத்துக்கொள்வதா கூடாதா என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை.

அவருடைய மனைவி, பல தலைமுறைக்கு முன் வந்து மலாய்ப் பேச்சுக்கு மாறிவிட்ட தமிழ் வணிகர் வழியான மலாக்கா செட்டி சமூகத்தைச் சேர்ந்தவர். நெற்றியில் திருநீறு, உடம்பில் சாரோங் கெபாயா, வாயில் மலாய். கோயிலில் எங்களைவிட ஒழுங்காகக் கும்பிடுவார். ஆனால் தமிழில் நாலைந்து சொல்தான் தெரியும், அவற்றில் மூன்று சமையல் பாத்திரங்கள். அக்காவுக்கு மலாயில் காக் என்று சொல்வோம். நானும் அவரைக் காக் என்றே அழைத்தேன். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. அதற்காக யாரும் பெருமூச்சு விடவேண்டிய நிலையில் அந்த வீடு இல்லை. பின்பக்கம் தென்னைகள், அதற்கப்பால் வயல், பிற்பகலில் கிளேபாங் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று. அந்தக் காற்றில் வீடே லேசாக மிதப்பதைப் போலிருக்கும். நான் அங்கே பகலில் தூங்கிய தூக்கத்தைப் பிறகு எந்த ஊரிலும் தூங்கியதில்லை.

அந்த வீட்டில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். காக் அவளை பினி மூடா என்பார், அதாவது இளைய மனைவி. அவள் ஒரு எண். ஒன்று என்ற இலக்கத்தைப் பதினேழு தடவை வரிசையாக எழுதினால் வருகிற எண்.

அதை வாயால் சொல்ல வேண்டுமென்றால், நூற்றுப் பதினோரு கோடியே பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினோரு கோடி என்று தொடங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போக வேண்டும். அண்ணன் 'பதினேழு ஒண்ணு' என்பார். ஒன்றுகளை அடுக்குவதில் அவருக்கு ஒரு பழைய மோகம். இரட்டைப்படையாக அடுக்கினால் பதினொன்றால் உடையும். மூன்று மூன்றாக அடுக்கினால் மூன்றால் உடையும். ஐந்து ஒன்று, நாற்பத்தொன்றால் உடையும். ஏழு ஒன்று, இருநூற்று முப்பத்தொன்பதால். பதினோரு ஒன்றும் பதிமூன்று ஒன்றும் உடைந்து போனவைதாம். இவற்றையெல்லாம் அவர் இளவயதிலேயே உடைத்து முடித்திருந்தார். பதினேழில் வந்து நின்றார். அது உடையவில்லை.

"உடையாதுன்னு தோணுது தம்பி" என்று ஒருநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொன்னார். தோன்றுகிறது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

தோன்றுவதை வைத்து நில அளவை அலுவலகத்தில் ஒரு கோழிக்கொட்டகையின் பரப்பைக்கூடச் சொல்ல முடியாது. அங்கே ஒரு விதி உண்டு. ஒரு கம்ப்யூட்டர் போட்ட கணக்கை இன்னொரு கம்ப்யூட்டர், முதலாமவரின் தாளைப் பார்க்காமல், விடையும் தெரியாமல், தொடக்கத்திலிருந்து மறுபடி போட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் கணக்கு செல்லும். நான் பார்த்த அரசாங்க விதிகளில் அறிவுக்குப் பொருந்திய சிலவற்றில் அது ஒன்று. மற்றவர்களுக்கு அது தொந்தரவு. அண்ணனுக்கு வேதம்.

அலுவலகத்தில் கையால் சுற்றும் கணக்கு இயந்திரம் ஒன்று இருந்தது. கருப்பாக, கனமாக, தையல் இயந்திரத்துக்கும் இறைச்சி அரைக்கும் இயந்திரத்துக்கும் பிறந்ததைப் போலிருக்கும். வேலை முடிந்து எல்லோரும் போனபிறகு அண்ணன் அதன் முன்னால் உட்காருவார். பதினேழு ஒன்றையும் அதில் ஏற்றி, ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்ப்பார். எல்லா எண்ணாலும் வகுக்க வேண்டியதில்லை. அந்த எண்ணை உடைக்கக்கூடியது எதுவானாலும், அதை முப்பத்து நான்கால் வகுத்தால் ஒன்று மிஞ்ச வேண்டும். இதை ஒரு பழைய இயற்கணிதப் புத்தகத்திலிருந்து பிடித்து வைத்திருந்தார். ஆகவே முப்பத்து நான்கு முப்பத்து நான்காகத் தாண்டிப் போகலாம். அப்படித் தாண்டினாலும் பத்துக் கோடிக்கு மேல் போனால்தான் உடையாது என்று உறுதியாகச் சொல்ல முடியும். அவருடைய வேகத்துக்கு இருநூறு வருடத்துக்கும் மேல் ஆகும். அரசாங்க ஊழியர் ஓய்வு பெறும் வயது ஐம்பத்தைந்து. இந்தச் சிறு முரண்பாட்டை நான் எடுத்துக்காட்டியபோது, "உடையாத வரைக்கும் முழுசுதானே" என்றார்.

அந்த இயந்திரத்தில் வகுப்பது என்றால் கழித்துக்கொண்டே போவது. பிடியை ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் வகுக்கும் எண் ஒரு தடவை கழியும். அளவுக்கு மிஞ்சி ஒரு சுற்று கழித்துவிட்டால் உள்ளே ஒரு மணி அடிக்கும். உடனே பிடியை எதிர்ப்பக்கம் ஒரு சுற்று சுற்றி, கூடுதலாகக் கழித்ததைத் திருப்பிக் கூட்டிவிட்டு, அடுத்த இலக்கத்தின் இடத்துக்கு நகர வேண்டும். கடைசி இடமும் முடிந்த பிறகு, வரிசையாக உள்ள சின்னக் கண்ணாடிச் சன்னல்களில் மீதி தெரியும். எல்லாச் சன்னலிலும் பூஜ்யம் நின்றால் எண் உடைந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டுதான் சுற்றுவார். மணியைக் காதால் பிடிப்பார். முடிவில் கண்ணைத் திறந்து கடைசிச் சன்னலை மட்டும் பார்ப்பார். அதில் பூஜ்யம் இல்லையென்றால் மற்றவற்றைப் பார்க்கத் தேவையில்லை. அடுத்த எண்.

நான் சில மாலைகளில் அவருக்காகக் காத்துக்கொண்டு அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். கரகரவென்று பிடி சுற்றும், மணி ஒன்று கிணுங்கும், எதிர்ச்சுற்று, நகர்வு, மறுபடி கரகர. சன்னலுக்கு வெளியே கடல் வெள்ளியாகி, ஈயமாகி, ஒன்றுமில்லாமல் போகும். கொஞ்ச நேரத்தில் எனக்கும் கண் சொருகும். பதினேழு ஒன்றுகளும் எதிரே ஒரே உயரமுள்ள பாக்கு மரங்களாக நிற்பதைப் போலவும், அண்ணன் அவற்றுக்கிடையே ஒரு நாடாவைப் பிடித்துக்கொண்டு நடந்துபோவதைப் போலவும் ஒரு அரைத்தூக்கம் வரும். விழித்தால் அவர் இன்னும் அதே நாற்காலியில் இருப்பார். அவருடைய வலது முன்கை இடது கையைவிடப் பருத்திருந்தது. அது ஒன்றுதான் அந்த உழைப்பால் கண்கூடாகக் கிடைத்தது.

ஒருமுறை குருபோங் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, சாலைத் தடையில் போலீஸ் அவருடைய சட்டைப்பையைச் சோதித்தது. பையில் ஒரு தாள். தாளில் பதினேழு ஒன்று. கம்யூனிஸ்டுகளுக்குப் போகும் இரகசியக் குறி என்று அவரை உட்கார வைத்துவிட்டார்கள். அரசாங்க அதிகாரி ஒருவர் வந்து பொறுப்பேற்க வேண்டும் என்றார்கள். நான் போனேன். இன்ஸ்பெக்டர் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்து, இது எத்தனை பேர், எந்தக் காட்டில் என்று கேட்டார். இது ஆட்கள் இல்லை, உடையுமா உடையாதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அண்ணன் உண்மையைச் சொன்னார். உண்மையைப் போல ஆபத்தானது அங்கே வேறில்லை. எதை உடைக்கப்போகிறாய், பாலத்தையா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அதற்குமேல் அண்ணனைப் பேசவிடாமல் நான் குறுக்கே புகுந்து, இவர் நில அளவைத் துறையில் இன்ன பதவியில் இன்ன தரத்தில் இருப்பவர் என்று துறை வழக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். தமாஷ் என்னவென்றால், விடுவித்த பிறகு இன்ஸ்பெக்டர் சற்றுத் தயங்கி, தன் மோட்டார் சைக்கிளின் எண்ணைச் சொல்லி அது எப்படி என்று கேட்டார். அண்ணன் மறைக்கவில்லை. பதிமூன்றால் போகிறது என்றார். பிறகு அந்த இன்ஸ்பெக்டரை நாங்கள் ஜீப்பில்தான் பார்த்தோம்.

பதவி உயர்வோடு கோலாலம்பூருக்கு மாற்றல் வந்தது. அண்ணன் மறுத்துவிட்டார். அங்கே இயந்திரத்தை நான்கு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்களாம். காக் காஜா பெராங்கை விட்டு ஒரு நாளும் வெளியே போக விரும்பாதவர். அவருக்கு இது நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் மூன்று நாள் அண்ணனோடு பேசவில்லை. எனக்காக மறுத்திருந்தால் கொண்டாடியிருப்பேன், அவளுக்காக அல்லவா மறுத்தார் என்று என்னிடம் மலாயில் சொல்லிவிட்டு, பிளாச்சான் என்ற இறால் விழுதையும் மிளகாயையும் அம்மியில் வைத்து நசுக்கினார்.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்கப்போகும் தேதியை அறிவித்தது எங்கள் ஊர்த் திடலில்தான். அன்று ஊரே கடற்கரையில் நின்றது. எனக்கு நாற்காலிகளுக்கு எண் ஒட்டும் வேலை கொடுத்திருந்தார்கள். வரலாறு நடக்கும்போது நாற்காலிக்கு எண் ஒட்டுவதற்கும் ஒருவர் தேவைப்படுகிறார். ஒட்டி முடித்துவிட்டு, வெயில் தாங்காமல் எங்கள் கட்டடத்துக்குள் நுழைந்தேன். யாரும் இல்லை. பின்கட்டில் மட்டும் கரகரவென்று சத்தம். அலுவலகம் காலையிலேயே காலியாகிவிட்டதால் அண்ணனுக்கு ஒரு முழுநாள் இயந்திரம் கிடைத்திருந்தது. கண்ணை மூடிச் சுற்றிக்கொண்டிருந்தார். வெளியே கூட்டத்தின் இரைச்சல் அலையாக எழுந்து விழுந்தது. தெருவில் ரிக்‌ஷாக்காரர்கள் சந்தோஷத்தில் வரிசையாக மணியடித்துக்கொண்டே போனார்கள்.

அண்ணன் கண்ணைத் திறக்காமல் கேட்டார். "என்ன தம்பி சத்தம்?"

"சுதந்திரம் வரப்போகுதுண்ணே."

"எப்ப?"

"அடுத்த வருஷம் ஆகஸ்ட்டுல."

உதடு அசைந்தது. "அதுக்குள்ள இருபத்தஞ்சு லட்சத்தைத் தாண்டிருவேன்" என்றார்.

அன்று மாலை மகிழ்ச்சியாக இருந்தார். ஊரில் எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்ததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. இருபது லட்சத்து எழுபதாயிரத்தில் தொடங்கி ஒரே நாளில் ஒரு வார வேலை முடிந்துவிட்டதாகச் சொன்னார்.

சுதந்திரம் வந்தது. துரைமார்கள் சாமான்களைக் கட்டினார்கள். அடுத்த வருடம், அலுவலக நடைமுறைகள் பற்றிய பயிற்சி ஒன்றுக்கு என்னைச் சிங்கப்பூர் அனுப்பினார்கள். எனக்குத் தெரிந்ததை எனக்கே சொல்லிக்கொடுக்க ஆறு பேர் வந்தார்கள். புறப்படும்போது காக் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். சிங்கப்பூரில் படித்தவர்கள் நிறைய இருப்பார்கள், இந்தக் கணக்கு எப்போது முடியும் என்று யாரையாவது கேட்டு வா என்றார். பொட்டலத்தில் இருந்த பலகாரத்துக்கு நன்றியாகவாவது கேட்க வேண்டியிருந்தது.

கேட்டேன். நான் தங்கியிருந்த விடுதியில் சாப்பிடவந்த ஒரு கணித விரிவுரையாளர், பேசிக்கொண்டே என்னை நூலகத்துக்கு அழைத்துப்போனார். ஒரு தடித்த புத்தகத்தை இழுத்து, பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்தார். பதினேழு ஒன்று உடையும். போன நூற்றாண்டிலேயே யாரோ ஐரோப்பாவில் உடைத்துவிட்டிருந்தார்கள். இரண்டு துண்டு. சின்னத் துண்டு, இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூற்று இருபத்து மூன்று.

அந்த எண்ணை நான் எழுதிக்கொள்ளவில்லை. எழுதாமலே மனதில் ஒட்டிக்கொண்டது. இரயிலில் திரும்பும்போதுதான் உறைத்தது. அண்ணன் அதைத் தாண்டிப் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. முப்பது லட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். கையில் கிடைத்ததைப் பார்க்காமல் நழுவவிட்டு, அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லாத ஒரு வெளியில் முப்பத்து நான்கு முப்பத்து நான்காக நடந்துகொண்டிருந்தார். இனி இருநூறு வருடம் நடந்தாலும் அவருக்கு அது உடையாத எண்தான்.

நான் திரும்பியபோது இன்னொன்றும் நடந்திருந்தது. மின்சாரத்தில் ஓடும் புதிய இயந்திரம் வந்துவிட்டது. பழையதைக் கழித்துக்கட்ட வேண்டும். அண்ணனுக்கு ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள். அந்த இயந்திரத்தைத் தனக்கு வாங்கித் தரச்சொல்லி என்னைக் கேட்டார். அரசாங்கச் சொத்தைக் கழிப்பதற்கு மூன்று அதிகாரிகள் கூடி அது பயனற்றது என்று சான்றளிக்க வேண்டும், வேறு துறை எதுவும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், பிறகுதான் வெளியாளுக்குப் போகும். இந்த வழியில் ஒரு பொருளை விரைவுபடுத்தவும் எனக்குத் தெரியும், அது தானாகத் துருப்பிடித்து மடியும்வரை நிறுத்திவைக்கவும் தெரியும்.

அண்ணன் இல்லாத நேரமாகப் பார்த்துக் காக்கிடம் போனேன். பின்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். எண் உடையும் என்பதையும், எதால் உடையும் என்பதையும், அவர் அதைத் தவறவிட்டுவிட்டார் என்பதையும். நானே சொல்லிவிடட்டுமா, இல்லை இயந்திரத்தை வரவிடாமல் செய்துவிடட்டுமா என்று கேட்டேன். இத்தனை வருடம் அந்த இளைய மனைவியைத் திட்டியவர், இரண்டில் ஒன்றை உடனே சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன்.

காக் துருவுவதை நிறுத்தவில்லை. அவர் நம்பிக்கொண்டிருக்கிறாரே என்றார். பிறகு, சொன்னால் என்ன ஆவார் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சொல்லாவிட்டால் என்ன ஆவார் என்று கேட்டார். அது தெரியும், இதே வேலையாகச் செத்துப்போவார் என்றேன். தேங்காய் முடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் ஏதோ எழுதியிருப்பதைப் போல.

"பியார் டியா செண்டிரி காசி பெச்சா" என்றார்.

அவரே உடைக்கட்டும் என்று அர்த்தம். யாரோ வெள்ளைக்காரன் உடைத்தான் என்று நீ வந்து சொல்லக் கூடாது, அவர் கையால் உடையவேண்டும். உனக்குத்தான் எல்லா விதியும் தெரியுமே, இதற்கொரு விதி இல்லையா என்றார்.

இருந்தது. அண்ணனுடைய வேதத்திலேயே இருந்தது.

மூன்று அதிகாரிகளும் என் அனுபவத்தில் கண்டிராத வேகத்தில் கூடி, அந்த இயந்திரம் ஒன்றுக்கும் உதவாது என்று சான்றளித்தார்கள். அண்ணன் ஓய்வு பெற்ற மாதம் அது வீட்டுக்கு வந்தது. கூடத்து மேசையில் ஏறி உட்கார்ந்ததும் மேசை ஒரு பக்கம் சாய்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு நான் பேச்சை எடுத்தேன்.

"அண்ணே, உங்க கணக்கை இதுவரைக்கும் ரெண்டாவது ஆள் யாரும் சரிபார்க்கலியே."

அண்ணன் வெற்றிலையை மடிப்பதை நிறுத்தினார். ஒருவரின் வேட்டி அவிழ்ந்திருப்பதைச் சபையில் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம்.

"யாரு இருக்கா இதுக்கு?" என்றார்.

"நான் இருக்கேன். முழுசும் முடியாது. ஏதோ ஒரு நாள் வேலையை எடுத்துப் பார்ப்போம். தேதி அறிவிச்சாங்களே, அந்த நாள். அன்னிக்கு ஊர்ல எவனும் ஒழுங்கா வேலை செய்யலை. எங்க ஒப்பிஸ்லகூட அன்னிக்குப் போட்டதை எல்லாம் மறுபடி போட்டோம்."

"என் வேலையில அப்படி இருக்காது லா" என்றார். ஆனால் விதி விதிதான். எழுந்துபோய், நாள்தோறும் தேதி போட்டு எழுதிவந்த தன் நோட்டில் அன்றைய எண் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துச் சொன்னார். விதிப்படி முதல் கம்ப்யூட்டர் பார்க்கக் கூடாது என்பதால் எனக்கு முதுகைக் காட்டிச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் சுற்ற ஆரம்பித்தேன். எனக்குப் பழக்கம் இல்லை. தோள்பட்டை வலித்தது. பதினேழு ஒன்றை ஏற்றி வகுத்து, மீதியைப் பார்த்து, மறுபடி ஏற்றி, மறுபடி வகுத்து. காற்று தென்னைகளை ஒரே பக்கமாகச் சீவிக்கொண்டிருந்தது. அண்ணன் தூங்குவதைப் போலத்தான் இருந்தார். ஆனால் நான் ஒரு மணியைத் தவறவிட்டால் அவருடைய சுண்டுவிரல் அசையும். இப்படிப் பிற்பகல் முழுக்கப் போனது. காக் இரண்டு தடவை கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார்.

இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூற்று இருபத்து மூன்று வந்தது. ஒவ்வொரு இடமாக நகர்ந்து கடைசி இடத்துக்கு வந்தேன். ஏழு சுற்று சுற்றினேன். சன்னல்கள் எல்லாவற்றிலும் பூஜ்யம் வந்து நின்றது. கை நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் அண்ணன், திரும்பாமல். "மணி இன்னும் அடிக்கலியே."

நான் பிடியிலிருந்து கையை எடுத்தேன்.

"இன்னொரு சுத்து சுத்து."

சுற்றினேன். மணி அடித்தது. எதிர்ப்பக்கம் சுற்றித் திருப்பிக் கூட்டினேன். மறுபடி எல்லாம் பூஜ்யம்.

அண்ணன் எழுந்து வந்தார். சன்னல்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக நகத்தால் தொட்டுக்கொண்டே போனார். முடிந்ததும் ஆரம்பத்திலிருந்து மறுபடி தொட்டார். காக் சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை என்று சொல்வது சரியாக இருக்கும்.

"ரிக்‌ஷா" என்றார் அண்ணன். "வெளிய ரிக்‌ஷா மணி அடிச்சிருக்கு. ஏழாவது சுத்துல. இதுதான் அடிச்சுதுன்னு நினைச்சு ஒண்ணைத் திருப்பிக் கூட்டியிருக்கேன். சன்னல்ல என்ன நின்னிருக்கும்? நான் வகுத்த எண்ணே மீதியா நின்னிருக்கும். அப்படியே முழுசா. நான் கடைசிச் சன்னலை மட்டும் பார்த்தேன். மூணு. சரின்னு போயிட்டேன்."

உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சிங்கப்பூர்லயே தெரிஞ்சுக்கிட்ட, இல்ல?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"விடை தெரிஞ்ச ஆள் ரெண்டாவது கம்ப்யூட்டரா உட்காரக் கூடாது தம்பி" என்றார். "நீ ரூல் தெரிஞ்சவன்."

கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு வயலைப் பார்த்தார். வெளிச்சம் மெல்ல மஞ்சளாகி, கூடத்துக்குள் வந்து, இயந்திரத்தின் மேல் ஏறி, இறங்கிப் போனது. நான் எழுந்து போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு காலம் ஒரு மனிதனைத் தாங்கிக்கொண்டிருந்த ஒன்றை நாம் இரண்டாகப் பிளந்துவிட்டோம், இனி அவர் எதன்மேல் சாய்ந்துகொள்வார் என்று நினைத்தேன். காக்கும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். வாசலிலிருந்து நகரவில்லை.

அண்ணனுடைய கண் தற்செயலாக இயந்திரத்தின் மறுபக்கம் போனது. ஈவு தெரிகிற சன்னல்கள் அங்கே இருந்தன. இன்னொரு துண்டு அதில் நின்றது. பத்து இலக்கம். ஐந்து, மூன்று, ஆறு, மூன்று என்று தொடங்கி ஐந்து, ஏழில் முடிந்தது.

"இது?" என்றார். "இது உடையுமா? அந்தப் புத்தகத்துல போட்டிருந்துச்சா?"

"நான் கேக்கலைண்ணே."

கண்ணை மூடினார். உதடு அசைந்தது. சாலையில் லாரி எண்ணைப் பார்த்து நிற்கும்போது அசையும் அதே உதடு. கொஞ்சம் கொஞ்சமாக அவர் முதுகு நிமிர்வதைப் பார்த்தேன்.

"தம்பி, இதை ஒண்ணு உடைக்கணும்னா, அது பதினேழு ஒண்ணையும் உடைக்கணும். அதோட துண்டுதானே இது. சரியா? இது ரெண்டா உடைஞ்சா, அதுல சின்னத் துண்டு எழுபத்து மூவாயிரத்துச் சொச்சத்துக்குள்ள இருந்தாகணும். அதுக்குள்ள இருக்கிறது அத்தனையும் நான் சுத்திட்டேன். மூணாவது மாசமே தாண்டிட்டேன். எதுவும் உடைக்கலை." மூச்சு வாங்கினார். "அந்தச் சின்னதும் அப்படித்தான். ரெண்டும் உடையாது. இதுக்கு மேல எதாலயும் உடையாது."

அவர் சொன்னதை மனதில் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. வீண் என்று நான் முடிவுகட்டியிருந்த அத்தனை மாலைகளும், அந்தக் கரகரப்பும் கிணுங்கலும், இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்கு அவருக்கு உரிமை கொடுத்திருந்தன. பதினேழு ஒன்றும் முழுசு என்று அவரால் ஒருநாளும் சொல்லியிருக்க முடியாது. இந்த இரண்டும் முழுசு என்று அவரால் சொல்ல முடிந்தது.

"ஆனா..." என்று நிறுத்தினார். "ஒரு மணியைத் தப்பாக் கேட்டவன் இன்னொண்ணையும் கேட்டிருக்கலாம். எழுபத்து மூவாயிரம் வரைக்கும் ரெண்டாவது ஆள் பார்த்துத்தான் ஆகணும். நீ ஆகமாட்ட."

நான் தகுதி இழந்துவிட்டேன் என்பதை ஏற்றுக்கொண்டேன். அது நியாயமான தீர்ப்பு.

அண்ணன் வாசல் பக்கம் திரும்பினார். கல்யாணமாகி எத்தனையோ வருடம் ஆன ஒருவர், முதல்முறையாகப் பெண் கேட்டு வந்தவரைப் போல் கூச்சத்தோடு, மலாயில் ஏதோ மெதுவாகக் கேட்டார். உனக்கு நேரம் இருக்குமா என்பதுதான் எனக்குக் காதில் விழுந்தது.

 காக் அவரையும் இயந்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஈரக் கையைச் சாரோங்கில் அழுத்தித் துடைத்துக்கொண்டு வந்து, நான் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பிடியை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று கேட்டார்.